பொருநைக் கரைக்குக் கோடைச் செலவு

செலவு என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. ஓரிடத்தினின்று மற்றோரிடம் போதலும் செலவே. கைப்பொருள் கரைதலும் செலவே. கோடை விடுமுறையில் எங்கேனும் சென்று வருவோம் என நம்மவர் கூடிப் பேசுங்கால், இவ்விரண்டனுள் பின்னையதைப் பற்றியே நெடிது ஆராய்வர். இரயிற் கட்டணம் எவ்வளவு, தங்கும் வீட்டிற்கு வாடகை எவ்வளவு, ஆளுக்கு எத்தனை ரூபாய் விழும் என்பனவெல்லாம் நுட்பமாகக் கணக்கிடப்படும். முன்னையதாகிய செலவோ, அதாவது எவ்விடத்திற்கு, எக்காலத்தில், எவ்வகைச் சுமையோடு போதல் தக்கது என்பதோ, புறப்படும் நாளின் முன்னிரவில் அரைத்தூக்கத்தில் முடிவு செய்யப்படும். அதனால் விளையும் இடர் சிறிதன்று. அவ்விடரை யாம் ஒருமுறை நேரிற் கண்டோம். ஆதலின், இவ்விடுமுறையில் ஆற்றங்கரைக்குச் செல்லக் கருதியிருப்போர்க்குப் பயன்படுமாறு எம் அனுபவத்தையும், அதன்பின் யாம் கற்றவற்றையும் இங்கே தொகுத்துரைக்கத் துணிந்தோம்.

செல்லுமிடமாக யாம் எடுத்துக்கொண்டது பொருநைப் பள்ளத்தாக்கு. தாமிரபரணி என்று இன்று பெருவழக்காக வழங்கும் ஆற்றின் பழம்பெயர் பொருநை என்பதை யாவரும் அறிவர். எந்தச் செலவிற்கும் முதல் விதி ஒன்றுண்டு; அதனை இத்தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றோம். சுமையை வகுக்க வேண்டியது நம் ஆசையன்று, நாம் செல்லுமிடமே. ஆகவே முதற்கண் அவ்விடத்தின் இயல்பை அறிவோமாக.

1. நாடும் நதியும்

பொதிகை மலையின் கொடுமுடியாகிய அகத்தியர் கூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. அதன் கீழ்த்திசைச் சரிவிற் பூங்குளம் என்னும் இடத்தையடுத்துப் பொருநை தோன்றுகின்றது. மலைக்குள்ளேயே காரையாறு, சேர்வலாறு முதலியவற்றைத் தன்னகத்துக் கொண்டு, பாபநாசத்தருகே சமவெளியில் இறங்குகின்றது. பின்னர் மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை வந்து கூடுகின்றன. எட்டு அணைக்கட்டுகளால் மறிக்கப்பட்டு, இருகரையிலும் நெல் விளைவித்து, புன்னைக்காயலையடுத்து மன்னார் வளைகுடாவிற் சென்று கலக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்.

காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுவது. அதனோடு ஒப்பிடின் பொருநை மிகச் சிறிய ஆறு. இச்சிறுமையே செல்வோர் மனத்திற் பதிக்க வேண்டிய பெருஞ்செய்தி. நெடிய ஆற்றில் மேலே பெய்த மழை கீழே வருவதற்குப் பல நாளாகும். வருமுன் செய்தி வந்துவிடும். குறுகிய ஆறாயின், அதிலும் உயர்ந்த மலையினின்று செங்குத்தாக இறங்குவதாயின், உச்சியிற் பெய்த மழை சில மணி நேரத்தில் அடிவாரத்தை எட்டும். ஆற்றில் வந்து விழும் சிற்றோடைகளிலோ அது சில நிமிடங்களிலேயே வந்துவிடுவதுமுண்டு. அடிவாரத்தில் நிற்பவன் தலைமேல் வானம் தெளிந்திருக்கலாம். அவன் காலடியில் நீர் பெருகிக்கொண்டிருக்கலாம். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இவ்வாறு கண்ட பெருவெள்ளங்களை நெல்லைச்சீமையார் எளிதில் மறவார். அவை மாரிக்கால வெள்ளங்கள். எனினும் கோடையிடியோடு வரும் சிறுவெள்ளமும் ஒருவனை வாரிச் செல்லப் போதுமானதே.

மற்றொன்றும் உண்டு. மலைமீது மூன்று பெரிய அணைகள் உள்ளன. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. சேர்வலாற்று அணையினது 156 அடி. மணிமுத்தாற்று அணையினது 118 அடி. பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு முதல் நீரால் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகின்றது. உழவிற்கும் மின்னிற்குமாக நீர் திறக்கப்படும் வேளையில் அணைக்குக் கீழுள்ள ஆற்றின் அளவு மாறும். அன்றன்றைய நீர்மட்டமும் வெளியேற்றும் அளவும் நாளிதழ்களில் வெளிவருகின்றன. செலவிற்கு ஒரு வாரம் முன்னரே அவற்றைப் படித்து வருதல் நன்று. இரயில் நேரம் பார்ப்பவர் ஆற்றின் நேரம் பாராதிருத்தல் என்ன நியாயம்?

2. காலமும் தங்குமிடமும்

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையுள்ள நாட்களை அக்கினி நட்சத்திரம் என்பர். தேர்வுகள் முடிந்து நம் மாணவர் விடுதலை பெறுவதும் அக்காலத்தை ஒட்டியே. அப்போது ஆறு மெலிந்து, தெளிந்து, மணலும் பாறையும் தோன்ற ஓடும்; நீராடுவோர்க்கு இனிது. ஜூன் முதல் வாரத்திற் கேரளத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கியபின், மலைத்தலையில் மழை வலுத்து ஆற்றின் இயல்பு மாறத் தொடங்கும். ஆதலின் பாதுகாப்பை முதன்மையாகக் கருதுவோர் சித்திரை மாதத்தையே தேர்க. அதிலும் காலைப்பொழுதே ஆற்றிற்கு உரியது. கோடையிடி பெரும்பாலும் பிற்பகலிற் கூடுவதாகலின், நண்பகல் உணவிற்குப்பின் ஆற்றில் இறங்குதல் வேண்டா.

இங்கே ஒரு பொதுப்பிழையை எடுத்துக்காட்டுவோம். மலைப்பக்கம் என்றவுடன் நம் மாணவர் கம்பளிச் சட்டையும் போர்வையும் எடுத்து அடைக்கின்றனர். ஆயிரம் மீட்டர் மேலேறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது நம் இயற்பியல் வகுப்பிற் கற்றதே. கோடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்குச் சமவெளியைவிடப் பதினான்கு பாகை அளவிற்குக் குளிரலாம். அம்பாசமுத்திரமும் பாபநாசத்தின் அடிவாரமும் அவ்வாறு உயர்ந்தவையல்ல. அங்கு நாம் பெறும் தண்மை உயரத்தால் வருவதன்று. மரநிழலாலும் ஓடும் நீராலும் வருவது. ஒரு மெல்லிய பருத்திப் போர்வையே இரவிற்குப் போதும். இவ்வொரு கணக்கினாலேயே ஆளுக்கு இரண்டு கிலோ சுமை குறையும்.

திருநெல்வேலியினின்று செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதையிற் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. பின்னவை இரண்டும் ஆற்றின் இருகரையிலும் எதிரெதிரே அமைந்தவை. திருநெல்வேலிக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து பாபநாசம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், பேருந்துகள் உண்டு. மாணவர் குழு இவ்வூர்களில் ஒன்றிற் தங்கி, காலையிற் புறப்பட்டு மாலையில் மீளுதலே சிறந்தது. கடைவீதியும் மருத்துவமனையும் அருகிருக்கும். சமையற் பாத்திரங்களை மலைமேற் சுமக்க வேண்டியதுமில்லை.

பாபநாசத்திற்கு மேலுள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-ஆம் ஆண்டில் அமைந்த இதுவே தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம். அங்குச் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். எவ்விடங்கள் திறந்துள்ளன, எந்நேரம் வரை தங்கலாம் என்பவை பருவத்திற்கேற்ப மாறுவனவாகலின், பழைய நண்பர் சொற்கேட்டுப் புறப்படாமல் துறையினரிடமே முன்கூட்டி வினவி அறிக.

3. எமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகட்கு முன்னர், மாணவர் பதினால்வரோடு யாம் இப்பள்ளத்தாக்கிற்குச் சென்றோம். நான்கு நாட் செலவு. புறப்படுமுன் எம் அறையில் ஒரு கூட்டம் கூடியது. ஒருவர் எழுத, மற்றையோர் சொல்ல, பொருள்களின் அட்டவணை மூன்று பக்கம் வளர்ந்தது. சீட்டுக்கட்டு நான்கு, பாட்டுப் பெட்டி இரண்டு, பந்துகள், மட்டைகள், புகைப்படக் கருவிகள், ஊறுகாய் ஆறு வகை, அப்பளம் பொரிக்க ஒரு வாணலி, சோறு பொங்க ஒரு பெரிய அண்டா எனப் பலவும் அதில் இடம்பெற்றன. அட்டவணையின் நீளத்தைக் கண்டு யாம் மகிழ்ந்தோம். 'இனி ஒன்றும் குறைவில்லை' என்று எம் வாயாலேயே கூறினோம்.

இரண்டாம் நாள் நண்பகல். மலையடிவாரத்திற் சிற்றோடையொன்று ஆற்றோடு சேருமிடத்திற் சமைத்து உண்டோம். ஓடையில் அப்போது கணுக்கால் அளவே நீர். உணவு முடிந்தபின், மாணவர் ஒருவர் அண்டாவைத் துலக்குவதற்காக ஓடையின் நடுவிலிருந்த பாறைக்குச் சென்றார். கரையினின்று அப்பாறை பதினைந்து அடித் தொலைவே இருக்கும். எம் தலைமேல் வெயில் காய்ந்தது. மேற்கே மலைமுடியை மட்டும் ஒரு கருமுகில் மூடியிருந்தது. அதனை அழகென்று கண்டு படம் எடுத்தோரும் எம்மிடையே இருந்தனர்.

முதலில் நீரின் நிறம் மாறிற்று. தெளிந்திருந்த நீர் தேநீர் போலாயிற்று. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. யாம் அதன் பொருளை உணருமுன் நீர் முழங்காலுக்கு ஏறியது, பிறகு இடுப்பளவாயிற்று. அண்டா உருண்டு போயிற்று. மாணவர் பாறைமேல் ஏறி நின்றார். அவர் நன்றாக நீந்தக்கூடியவர். எனினும் அச்சுழலில் நீச்சல் பயன்படாது என்பதைக் கண்ட எவரும் அறிவர். இருவர் நீரில் இறங்க முற்பட்டனர், யாம் தடுத்தோம். 'கயிறு, கயிறு' என்று கூவினோம். மூன்று பக்க அட்டவணையிற் கயிறு இல்லை.

அவ்வேளையிற் புல்லுக்கட்டு ஒன்றைத் தலையிற் சுமந்து முதியவர் ஒருவர் அவ்வழி வந்தார். ஒருமுறை ஓடையைப் பார்த்தார். ஒன்றும் வினவவில்லை. கட்டைக் கீழே போட்டு, அதனைக் கட்டியிருந்த கயிற்றை உருவினார். நீளம் போதாதென்று கண்டு, தம் தலைத்துண்டை அதன் நுனியில் முடிந்தார். ஒரு முனையைக் கரையிலிருந்த மருதமரத்தில் ஒருசுற்றுச் சுற்றி எம் கையிற் கொடுத்தார். மறுமுனையிற் சிறு கல் ஒன்றைக் கட்டிப் பாறைக்கு மேற்புறமாக வீசினார். "ஏ தம்பி, பயப்படாத. கயித்த மட்டும் விட்டுராத. தண்ணி போற போக்குலயே சாஞ்சு வா" என்றார். மாணவர் இருகையாலும் பற்றிக்கொண்டு நீரில் இறங்கினார். ஓட்டம் அவரை இழுத்தது, கயிறு விடவில்லை, அவர் வட்டமாகச் சுழன்று சற்றுக் கீழே கரையில் வந்து ஒதுங்கினார். எல்லாம் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்தன.

பெரியவர் அறுத்துக் கட்டிய புல் முழுதும் அவிழ்ந்து பாதியை நீர் கொண்டுபோயிற்று. யாம் பணம் நீட்டினோம், அவர் வாங்கவில்லை. "ஐயா, ஆறு பாக்கச் சாதுவாத்தான் இருக்கும். அதுக்கு மேல மலை இருக்குல்லா? அங்கன பேஞ்சா இங்க தெரியாது பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லி, எஞ்சிய புல்லைத் திரட்டத் தொடங்கினார். மாணவர் யாவரும் குனிந்து அவரோடு புல் பொறுக்கினர். நூறு பொருள் சுமந்து சென்ற எம்மிடம் இல்லாத ஒன்று, ஒரே சுமையோடு வந்த அவரிடம் இருந்தது. அவர் அவ்விடத்தை அறிந்தவர். யாம் எம் ஆசைகளை மட்டும் அறிந்தவர்.

4. சுமையை வகுக்கும் முறை

அன்று முதல் யாம் கைக்கொண்ட முறை எளிது. அட்டவணை எழுதும்போதே பொருள்களை மூன்று குவியலாகப் பிரித்தல் வேண்டும். இல்லையேல் உயிர்க்கு இடர் வரக்கூடியவை முதற் குவியல். இல்லையேல் உடல்நலம் கெடக்கூடியவை இரண்டாங் குவியல். இல்லையேல் இன்பம் மட்டும் குறையக்கூடியவை மூன்றாங் குவியல். பையிற் பொருள்களை இவ்வரிசையிலேயே இடுக. பகற்செலவிற்கு ஒருவர் முதுகிற் சுமப்பது அவர் உடலெடையிற் பத்தில் ஒரு பங்கிற்கு மிகாதிருத்தல் நன்று. ஐம்பது கிலோ எடையுள்ள மாணவர்க்கு ஐந்து கிலோ. அதில் இரண்டு லிட்டர் நீரே இரண்டு கிலோவாகும். எடை மிகுமாயின் மூன்றாங் குவியலினின்றே குறைக்க. எம் பழைய அட்டவணையை இம்முறையில் ஆராய்ந்தபோது, அதில் ஐந்தில் நான்கு பங்கு மூன்றாங் குவியலைச் சேர்ந்ததாக இருந்தது.

முதற் குவியலில் அடங்குவன வருமாறு.

கயிறு இரண்டு, ஒவ்வொன்றும் இருபது மீட்டர். நீரில் மிதக்கும் வகையாயின் சிறப்பு. ஒரு கயிற்றைத் துணிப்பையில் நெகிழ்வாக அடைத்து, பையின் அடியில் ஒருமுனையை முடிந்துவைத்தால், பையை வீசியவுடன் கயிறு தானே அவிழ்ந்து செல்லும். தையற்காரரிடம் கொடுத்தால் இத்தகைய பையை எளிதில் தைத்துத் தருவார். பத்து மீட்டர்த் தொலைவில் ஒரு கோலை நட்டு, கல்லூரி மைதானத்திலேயே ஒவ்வொருவரும் பத்துமுறை வீசிப் பழகுக. பழகாத கை நெருக்கடியிற் குறி தவறும்.

ஊதல் ஆளுக்கு ஒன்று, கழுத்திலேயே தொங்குக. ஒருமுறை ஊதினால் 'கவனி' என்றும், மும்முறை ஊதினால் 'ஆபத்து, கரையேறு' என்றும் முன்னரே உடன்பாடு செய்துகொள்க. ஆற்றிரைச்சலில் மனிதக் குரல் எட்டாது, ஊதல் எட்டும். கைப்பேசியை மட்டும் நம்புதல் ஆகாது. மலைக்குள் அதற்குத் தொடர்பு கிடைப்பது அரிது.

கைவிளக்கு இரண்டு, மாற்று மின்கலங்களோடு. நீண்ட மூங்கிற்கழி ஒன்று. குழுவினர் பெயரும், இரத்த வகையும், வீட்டுத் தொலைபேசி எண்ணும், ஒவ்வொருவர்க்கும் ஒவ்வாத மருந்தும் எழுதிய தாள் இரண்டு படி. ஒன்று தலைவரிடமும், மற்றொன்று தங்குமிடத்திலும் இருத்தல் வேண்டும். ஆஸ்துமா முதலிய நோயுடையோர் தத்தம் மருந்தைப் பெட்டியிலன்றித் தம் மேனியிலேயே வைத்துக்கொள்க.

கருவி இருந்தாலும் முறை தெரியாவிடிற் பயனில்லை. நீரில் ஒருவர் தத்தளித்தால் முதலிற் கழியை நீட்டுக. எட்டாவிடிற் கயிற்றை எறிக. பயிற்சியில்லாதார் ஒருகாலும் நீரிற் குதியாதிருக்க. குதித்தவரை மூழ்குபவர் பற்றிக்கொள்ள, ஓருயிர் போகுமிடத்தில் ஈருயிர் போகும். மூழ்குவோர் கூக்குரலிடுவர் என்று நினைப்பதும் பிழை. மூச்சுக்குத் தவிக்கும் வாய் கூவ இயலாது; அவர்கள் ஓசையின்றியே ஆழ்ந்துவிடுவர். ஆதலின் நீராடுவோரை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர்க்கொருவர் பொறுப்பாக்குக. கரையில் எப்போதும் ஒருவர் நீராடாது நின்று தலை எண்ணிக்கொண்டிருக்க. நீர் கலங்கினாலும், சருகு மிதந்து வந்தாலும், மலைமுடி கறுத்தாலும் அவர் மும்முறை ஊதுக. எவரும் காரணம் கேளாது கரையேறுக.

5. உடை, உணவு, மருந்து

இனி இரண்டாங் குவியல். பருத்தியுடை இரண்டு தொகுதி, நீராட ஒரு குறுங்காற்சட்டை, தடித்த துண்டு ஒன்று, தொப்பி ஒன்று ஆகியவை போதும். வேட்டி, சேலை முதலிய நீண்ட ஆடைகள் ஓடுநீரிற் காலைச் சுற்றிக்கொள்ளும். ஆற்றிற்கு அவை ஆகா. பாசி படர்ந்த பாறையில் தோற்செருப்பு வழுக்கும். பின்வாரோடு கூடிய ரப்பர்ச் செருப்பே தகும். புதியதை வாங்கினால் ஒரு வாரமேனும் வீட்டில் அணிந்து பழகுக. மழைக்காலத்தை ஒட்டிச் செல்வோர்க்கு அட்டை கடிக்கலாம். சிறு துணி முடிச்சில் உப்பை வைத்துக்கொண்டால் அது தானே விழுந்துவிடும்.

அரிசி, பருப்பு, காய்கறிகளைக் கல்லூரியினின்று சுமந்து செல்லுதல் கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். அம்பை 16 என்னும் நெல்வகை அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்ததே. இளைஞர்க்கு ஒருவேளைக்குத் தலைக்கு 200 கிராம் அரிசி எனக் கணக்கிட்டு, அங்கேயே வாங்கிக்கொள்க. பதினைவர் குழு நான்கு நாள், நாளொன்றுக்கு ஒருவேளை சமைக்குமாயின் பன்னிரண்டு கிலோ போதும்.

பகலில் எடுத்துச் செல்வதற்கு நம் முன்னோர் கண்ட கட்டுச்சோற்றினும் சிறந்தது வேறில்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை வெயிலிலும் மாலைவரை கெடாது. தயிர்ச்சோறோ கோடையில் விரைந்து புளித்துவிடும். பொரிகடலை, அவல், கருப்புக்கட்டி, கடலைமிட்டாய் ஆகியவை எடை குறைந்து வலிமை மிக்கன. பாபநாசத்துக் குரங்குகள் கையிலுள்ள பொட்டலத்தை நொடியிற் பறித்துச் செல்லும். ஆதலின் உணவை இறுக மூடும் தூக்குச்சட்டியில் வைத்துப் பைக்குள்ளேயே இடுக; அவற்றிற்கு விளையாட்டாகவும் உணவு ஈய வேண்டா.

ஆற்றுநீர் தெளிந்திருத்தலாலேயே குடித்தற்குத் தகுதியுடையதாகிவிடாது. நன்கு கொதித்து ஒரு நிமிடமேனும் பொங்கிய நீரை ஆறவைத்து நிரப்பிக்கொள்க. வயிற்றுப்போக்கு நேரின், காய்ச்சிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய தேக்கரண்டியளவிற் சர்க்கரை ஆறும் உப்பு அரையும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்க. உப்பு மிகுதல் தீங்கு, அளவு தவறலாகாது. ஆதலின் இந்த அளவுப்படி உப்பையும் சர்க்கரையையும் முன்னரே பொட்டலங்களாகக் கட்டிவைத்தல் நலம்.

மருந்துப்பெட்டியிற் பஞ்சு, கட்டுத்துணி, புண்கழுவும் மருந்து, காய்ச்சல் மாத்திரை, சிறு கத்தரி, முள்ளெடுக்கும் இடுக்கி ஆகியவை இருக்க. பாம்புக்கடியைப் பற்றி ஒருவார்த்தை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் மிகுதியாக உயிர் கொள்வன. கடிபட்ட இடத்தை அறுத்தலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீங்கே விளைக்கும். கடியுண்டவரை நடக்கவிடாது, அவ்வுறுப்பை அசையாது வைத்து, 108 அவசர ஊர்தியை அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நச்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. இரவில் விளக்கின்றி நடவாதிருத்தலே அனைத்தினும் சிறந்த மருந்து.

6. மீண்டு வரும் சுமை

போகும் சுமையைப் பற்றிப் பேசுவோர் மீளும் சுமையைப் பற்றிப் பேசுவதில்லை. பாபநாசத்து ஆற்றில் நீராட வருவோருட் பலர், பழைய ஆடையைத் தண்ணீரிலேயே விட்டுச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அத்துணிகள் பாறையிடுக்கிற் சிக்கி, நீராடுவோர் காலையும் சுற்றுகின்றன, மீனுக்கும் இடராகின்றன. அதே நீரைத்தான் கீழேயுள்ள ஊர்கள் எல்லாம் குடிக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டம் இருப்பதாற் மட்டும் கரை தூய்மையாகிவிடாது.

ஆகவே ஒவ்வொருவர் பையிலும் வெறும் சாக்குப்பை ஒன்று மடித்து வைக்கப்பெறுக. இலைக்குப் பதில் அவரவர் தட்டு, தாட்குவளைக்குப் பதில் அவரவர் குவளை, பொட்டலத்திற்குப் பதிற் பனையோலைப் பெட்டி என்று கொண்டால் குப்பையே பெரிதும் குறையும். புறப்படுமுன் குழுவின் சுமையை நிறுத்துக் குறித்துக்கொள்க. மீண்டபின் மீண்டும் நிறுக்க. உண்டதும் பருகியதும் போக, மற்றெல்லாம் எடை குறையாது திரும்பியிருத்தல் வேண்டும். குறைந்திருப்பின், அக்குறை பொருநைக் கரையிற் கிடக்கின்றது என்பது பொருள்.

7. முடிவுரை

மூன்றாங் குவியலை யாம் முற்றும் வெறுக்கின்றோம் என எவரும் எண்ணற்க. பாட்டும் பந்தும் இளமைக்கு உரியவை. முதலிரு குவியலும் நிறைந்தபின் இடமிருப்பின் அவையும் வருக. யாம் வற்புறுத்துவது வரிசையை மட்டுமே.

அவ்வாண்டு கல்லூரி திரும்பியதும் மாணவர் தாமே பணம் தொகுத்து நல்ல கயிறு இரண்டு வாங்கினர். அடுத்த கோடையில் மீண்டும் சென்றபோது, பெரியவரைத் தேடிக் கண்டு ஒன்றை அவரிடம் கொடுத்தோம். பணத்தை மறுத்தவர், கயிற்றை மறுக்கவில்லை. அதனை இழுத்துப் பார்த்து, "நல்ல கயிறுதான்" என்று சொல்லி, அன்றைய புல்லை அதனாலேயே கட்டிக்கொண்டு போனார். மற்றொன்று எம் அறையில் ஆணியில் தொங்குகின்றது. செலவு செல்லும் குழுவினர் எவரும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

அன்று பாறைமேல் நின்ற மாணவர் இப்போது ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கின்றார். ஆண்டுதோறும் தம் மாணாக்கரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுமுன் எமக்குக் கடிதம் எழுதுவார். நலம் விசாரித்தபின் அதில் வரும் செய்தி ஒன்றே: 'கயிறு எடுத்துக்கொண்டோம்.' இவ்விடுமுறையிற் செலவு மேற்கொள்ளும் நம் மாணவரும் அட்டவணையின் முதல் வரியில் அச்சொல்லையே எழுதுக. எண்ணிச் சென்ற தலைகள் எண்ணியபடியே மீளுக.